றடிக்கலி: எங்கே எழுதலாம், எங்கே விட்டுவிடலாம்

வெளிநாட்டுக்காக எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஐ.ஈ.எல்.ரி.எஸ். படிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் கைபேசிக்கு முதல் கிழமையிலேயே ஒரு சொற்பட்டியல் வந்து சேர்ந்துவிடும். யார் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. வட்ஸ்அப் குழுக்களில் கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் 'சேஞ்ச்' என்ற வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நாலைந்து வினையடைகள் அடுக்கியிருக்கும்: றடிக்கலி, ட்ராஸ்ரிக்கலி, டிரமற்றிக்கலி, கொம்பிளீற்லி, பண்டமென்ரலி. எல்லாவற்றுக்கும் எதிரே தமிழில் 'அடியோடு' அல்லது 'முற்றாக' என்று ஒரே பொருள். அந்தப் பட்டியலை நம்பி எழுதுகிறவர்களின் வசனங்களில் இலக்கணம் சரியாக இருக்கும். ஆனால் வாசிக்கிறவருக்கு ஏதோ இடிக்கும்.

இந்த வழிகாட்டி அந்த ஐந்தில் 'றடிக்கலி'யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மற்றவை பக்கத்து வீட்டுக்காரர்களாக வந்துபோகும். ஏ.எல். பொது ஆங்கிலம் படிப்பவர்கள், ஆங்கில மொழிமூலத்தில் முதலாம் வருடம் தொடங்கியிருக்கும் பல்கலைக்கழக மாணவர்கள், வெளிநாட்டுக்காகப் பரீட்சை எழுதுபவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மட்டும் பார்க்காமல் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

முதலாவது: ஒலியும் எழுத்தும்

எழுத்துக்கூட்டல் இதுதான்: ஆர், ஏ, டி, ஐ, சி, ஏ, எல், எல், வை. கடைசியில் இரண்டு 'எல்' வரும். 'றடிக்கல்' என்ற பெயரடை 'எல்' எழுத்தில் முடிகிறது, அதன்மேல் 'எல்-வை' வந்து ஒட்டுகிறது. ஒரு 'எல்' போட்டால் பிழை. 'ட்ராஸ்ரிக்', 'டிரமற்றிக்' போன்றவை 'ஐ-சி'யில் முடியும் சொற்கள். அவற்றுக்கு 'ஏ-எல்-எல்-வை' முழுவதையும் சேர்க்கவேண்டும். 'பப்ளிக்' மட்டும் இந்த விதிக்கு அடங்காமல் நேராக 'எல்-வை' எடுத்துக்கொள்ளும்.

எழுத்தில் நான்கு அசை போலத் தெரிந்தாலும் பேச்சில் மூன்றுதான்: 'ற-டிக்-லி'. நடுவில் உள்ள 'கல்' என்பதை அழுத்திச் சொல்லத் தேவையில்லை, அது கரைந்துபோய்விடும். அழுத்தம் முதல் அசையில். அந்த முதல் அசையின் உயிரொலி 'அ'வும் இல்லை, 'எ'வும் இல்லை, இரண்டுக்கும் இடையில் வாயைக் கொஞ்சம் அகலத் திறந்து சொல்லும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை. சிங்களத்தில் தனி எழுத்தே இருக்கிறது. சிங்களம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் வேலை சுகம்.

இரண்டாவது: வேரைப் பிடியுங்கள்

இலத்தீனில் 'றாடிக்ஸ்' என்றால் வேர். அதிலிருந்து வந்ததுதான் 'றடிக்கல்'. முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'றடிஷ்' என்ற பெயருக்கும் இதே வேர். விதையிலிருந்து முதலில் வெளிவரும் முளைவேருக்குத் தாவரவியலில் 'றடிக்கிள்' என்று பெயர். கணிதத்தில் வர்க்கமூலக் குறியீட்டை 'றடிக்கல் சைன்' என்பார்கள். தமிழிலும் அதை 'மூலம்' என்றே சொல்கிறோம், அதுவும் வேர்தான். 'இறடிக்கேற்' என்றால் வேரோடு பிடுங்கி எறிதல். பெரியம்மை உலகத்திலிருந்தே அப்படிப் பிடுங்கப்பட்டதாக 1980 இல் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்றளித்தபோது 'இறடிக்கேற்' என்ற சொல்லைப் போடாமல் 'எலிமினேற்' என்றே எழுதினார்கள். ஒரு நாட்டிலிருந்து நீக்குவது வேறு, பூமியிலிருந்து வேரோடு எடுப்பது வேறு.

சொற்பிறப்பு தெரிந்தால் போதும், பயன்பாடு தானாக வரும் என்று நினைப்பவன் நானில்லை. ஆனால் இந்தச் சொல்லில் வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'றடிக்கலி' என்று ஓர் ஆங்கிலேயர் எழுதும்போது, மாற்றம் மேல்மட்டத்தில் நிற்கவில்லை, அது எதன்மேல் நிற்கிறதோ அந்த அடிப்படைக்கே இறங்கிவிட்டது என்று சொல்கிறார். மாற்றம் எவ்வளவு பெரிது என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு ஆழம் என்பதே முதல் கேள்வி.

நாற்சார் வீடு ஒன்றை நினையுங்கள். சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு அடித்து, ஓடு முழுவதையும் மாற்றி, கதவு யன்னல் எல்லாம் புதிதாகப் போட்டாலும் அது நாற்சார் வீடுதான். நடுமுற்றத்தை மூடித் தட்டுப் போட்டு, சுற்றியிருந்த விறாந்தைகளை அறைகளாக்கினால், செலவு குறைவாக இருந்தாலும் வீடு வேறு வீடாகிவிடுகிறது. முதலாவதற்குக் 'கொம்பிளீற்லி' வரும், இரண்டாவதற்கு 'றடிக்கலி'.

மூன்றாவது: 'அடியோடு' என்ற பொறி

எங்கள் பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் இது என்பதால் இங்கே கொஞ்ச நேரம் நிற்போம்.

'அடி' என்றாலும் வேர்ப்பக்கம்தானே, அப்படியென்றால் 'அடியோடு'தானே 'றடிக்கலி' என்று ரியூசன் வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் நாங்கள் 'அடியோடு' என்ற சொல்லை எங்கெங்கே கதைக்கிறோம் என்று பாருங்கள். 'அடியோடு மறந்துபோனன்.' 'அடியோடு பிடிக்காது.' 'புயலில் வாழைத்தோட்டம் அடியோடு அழிஞ்சுபோச்சு.' இவை ஒன்றிலும் அடிப்படை மாறியதாகச் சொல்லவில்லை. மிச்சம் மீதி இல்லாமல், முழுதாக என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குக் 'கொம்பிளீற்லி' அல்லது 'ரோற்றலி'. 'ஐ றடிக்கலி ஃபர்கொற்' என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் ஒரு கணம் புருவத்தை உயர்த்துவார். 'ஐ கொம்பிளீற்லி ஃபர்கொற்' என்பதே வழக்கு. வாழைத்தோட்டத்துக்குக் 'கொம்பிளீற்லி டிஸ்ரோய்ட்'.

அதனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ் வசனத்தில் 'அடியோடு' இருக்கும் இடத்தில் 'அடிப்படையிலேயே' என்ற சொல்லைப் போட்டு வாசியுங்கள். வசனம் நின்றால் 'றடிக்கலி'க்கு வாய்ப்பு உண்டு. விழுந்தால் இல்லை. 'அடிப்படையிலேயே மறந்துபோனன்' என்று தமிழில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆகவே 'றடிக்கலி' வேண்டாம். 'வாக்களிக்கும் முறை அடிப்படையிலேயே மாறியது' என்பது நிற்கிறது, ஆகவே எழுதலாம்.

இன்னொரு பொறி 'பாரிய'. எங்கள் பத்திரிகைகளுக்கு இந்தச் சொல்லில் தனிப் பிரியம். பாரிய மாற்றம், பாரிய வீழ்ச்சி, பாரிய திட்டம், பாரிய விபத்து. மொழிபெயர்க்கும்போது 'பாரிய மாற்றம்' வந்த இடமெல்லாம் 'றடிக்கல் சேஞ்ச்' என்று எழுதிவிடுகிறார்கள். பாரிய என்பது அளவு. பெரிதாக இருப்பதெல்லாம் ஆழமாக இருக்கவேண்டும் என்றில்லை. அளவைத்தான் சொல்லவந்தீர்கள் என்றால் 'ஹியூஜ்', 'மேஜர்', 'சிக்னிபிக்கன்ற்' போன்றவை போதும்.

'தலைகீழாக மாறிவிட்டது' என்பது கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனாலும் அதில் ஒரு குழப்பமும் அதிர்ச்சியும் கலந்திருக்கும். 'றடிக்கலி'யில் அந்த உணர்ச்சி இல்லை. அது நல்லது கெட்டது சொல்லாத சொல். ஒரு சட்டம் றடிக்கலி நல்லதாகவும் மாறலாம், கெட்டதாகவும் மாறலாம்.

நான்காவது: ஆழமா, வேகமா, அளவா?

'றடிக்கலி'யையும் 'ட்ராஸ்ரிக்கலி'யையும் பிரித்து விளங்கிக்கொள்ள, எங்கள் நாட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒரு விசயத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நாடு முழுவதும் ஒரே அடியாகச் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் நெல்லுக்கு என்ன நடந்தது, வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் வைத்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை.

இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள் பார்ப்போம். கொள்கையைப் பற்றி: 'த கவண்மென்ற் றடிக்கலி சேஞ்ச்ட் இற்ஸ் அக்ரிகல்ச்சரல் பொலிசி.' சரி. எதை நம்பிப் பயிர்செய்வது என்ற அடிப்படையையே மாற்றிய கொள்கை அது. விளைச்சலைப் பற்றி: 'யீல்ட்ஸ் ஃபெல் ட்ராஸ்ரிக்கலி.' இதுவும் சரி. விளைச்சல் ஒரு எண். அது கூடும், குறையும். 'யீல்ட்ஸ் ஃபெல் றடிக்கலி' என்று எழுதினால் இலக்கணப் பிழை என்று யாரும் சிவப்பு மையால் கோடு போடமாட்டார்கள். ஆனால் காதுக்கு ஒட்டாது. விலைக்கும் விளைச்சலுக்கும் வேர் இல்லை.

'ட்ராஸ்ரிக்' என்ற சொல்லின் கதையும் இந்த வேறுபாட்டுக்கு உதவும். கிரேக்கத்தில் 'செயலாற்றும் வலு உள்ளது' என்ற பொருளில் இருந்தது. ஆங்கிலத்துக்குள் அது முதலில் மருத்துவத்தின் வழியாக வந்தது: கடுமையாக வேலைசெய்யும் மருந்துக்கு, அதிலும் வயிற்றைக் கழுவித் தள்ளும் பேதி மருந்துக்கு, 'ட்ராஸ்ரிக்' என்றார்கள். இன்றைக்கும் அந்தச் சொல்லில் கடுமையும் வலியும் அவசரமும் மணக்கும். 2022 இன் முதல் மாதங்களில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 350 ஐத் தாண்டிப் போனதைச் சொல்ல 'த ருபீ ஃபெல் ட்ராஸ்ரிக்கலி' என்பது கச்சிதம். பேதி மருந்து குடித்த நாட்டுக்கு வேறு எந்தச் சொல் பொருந்தும்?

ஐ.ஈ.எல்.ரி.எஸ். அக்கடமிக் பிரிவின் எழுத்துப் பரீட்சையில், முதற்பகுதியில் வரைபும் அட்டவணையும் வரும். 20 நிமிடம், குறைந்தது 150 சொற்கள். அங்கே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் 'ஷார்ப்லி', 'சிக்னிபிக்கன்ற்லி', 'டிரமற்றிக்கலி' என்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். 'றடிக்கலி இன்கிறீஸ்ட்' என்று எழுதவேண்டாம். இரண்டாம் பகுதியில், 40 நிமிடத்தில் 250 சொற்களுக்குக் குறையாமல் எழுதும் கட்டுரையில், கல்வி முறை, வேலை செய்யும் விதம், குடும்ப அமைப்பு என்று வரும்போது 'றடிக்கலி'க்கு உண்மையான வேலை கிடைக்கும். அதிலும் ஒருமுறை போதும். ஒரே கட்டுரையில் மூன்று இடத்தில் எல்லாமே வேரோடு மாறினால், வாசிப்பவர் ஒன்றையும் நம்பமாட்டார்.

ஐந்தாவது: ஒரு கட்டடம், மூன்று சொற்கள்

யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தைத் தெரியாதவர் இல்லை. 1981 மே 31 இரவும் ஜூன் 1 உம் அது எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அதை எழுத 'த கொலெக்ஷன் வாஸ் கொம்பிளீற்லி டிஸ்ரோய்ட்' என்று வரும். அழிவுக்கு 'றடிக்கலி' வராது என்று மேலே பார்த்துவிட்டோம்.

பிறகு கட்டடத்தைத் திருத்திக் கட்டினார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில் எழுந்த பழைய தோற்றத்தை, அந்தக் குவிமாடத்தோடு, அப்படியே மீட்டெடுத்தார்கள். இதை எப்படி எழுதுவது? 'த பில்டிங் வாஸ் கொம்பிளீற்லி ரிஸ்ரோர்ட், பட் இற்ஸ் டிசைன் வாஸ் நொற் றடிக்கலி ஆல்ற்றர்ட்.' வேலை முழுதாக நடந்தது, ஆகவே 'கொம்பிளீற்லி'. வடிவம் அடிப்படையில் மாறவில்லை, ஆகவே 'நொற் றடிக்கலி'. ஒரே வசனத்தில் இரண்டும் எதிரெதிராக நிற்கின்றன. இதை மனப்பாடம் செய்தாலே இந்தக் கட்டுரையின் பாதி கையில்.

மூன்றாவது சொல் 'தறலி'. ரி-எச்-ஓ-ஆர்-ஓ-யு-ஜி-எச்-எல்-வை என்று நீட்டி எழுதிச் சுருக்கிச் சொல்லும் சொல். ஒரு மூலையையும் விடாமல், கவனமாக என்று பொருள். 'த லைப்ரரி ஸ்ராப் தறலி செக்ட் த கற்றலொக்.' சரிபார்ப்பதற்கும் கழுவுவதற்கும் வாசிப்பதற்கும் வரும். வேலையின் நேர்த்தியைச் சொல்லும், மாற்றத்தின் ஆழத்தைச் சொல்லாது. அகராதியில் 'தறோ' என்பதற்கும் 'முழுமையான' என்றே இருக்கும், அதனால்தான் குழப்பம்.

'பண்டமென்ரலி'தான் மிக நெருங்கிய உறவு. என்னுடைய 'அடிப்படையிலேயே' சோதனையில் அதுவும் தேறிவிடும். எனவே இரண்டாவது கேள்வி ஒன்று கேளுங்கள்: இங்கே மாற்றமோ வேறுபாடோ இருக்கிறதா? இருந்தால் இரண்டில் எதையும் போடலாம், 'றடிக்கலி' கொஞ்சம் சூடாக ஒலிக்கும். மாற்றம் இல்லாமல் ஒன்றின் இயல்பை மட்டும் சொல்வதென்றால் 'பண்டமென்ரலி'தான். 'ஹீ இஸ் பண்டமென்ரலி ஹொனஸ்ற்' என்றால் அவர் அடிப்படையில் நேர்மையானவர். அங்கே 'றடிக்கலி' போட்டால், பழைய நேர்மைக்காரர்கள் எல்லாரையும் விட அவர் வேறு விதமாக, ஆளை அதிரவைக்கும் அளவுக்கு நேர்மையாக இருக்கிறார் என்று பொருள் திரும்பிவிடும்.

ஆறாவது: வசனத்தில் எங்கே நிற்கும்?

தமிழில் வினையடை வினைக்கு நேர் முன்னால் வந்து நிற்கும்: 'முறையை அடிப்படையிலேயே மாற்றினார்கள்.' செயப்படுபொருள் அதற்கும் முன்னால். ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் வரும் என்பதால், இந்த வினையடைக்கு வினைக்கு முன்னால் ஓர் இடம், வசனத்தின் கடைசியில் ஓர் இடம். 'தே றடிக்கலி சேஞ்ச்ட் த சிஸ்ரம்' சரி. 'தே சேஞ்ச்ட் த சிஸ்ரம் றடிக்கலி' சரி. வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் செருகி 'தே சேஞ்ச்ட் றடிக்கலி த சிஸ்ரம்' என்று எழுதுவது பிழை. இந்தப் பிழையை நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளைகளின் தாள்களிலும் பார்க்கலாம்.

செயப்படுபொருள் இல்லாதபோது வினைக்குப் பின்னால் நிற்கும்: 'திங்ஸ் ஹாவ் சேஞ்ச்ட் றடிக்கலி.' 'ஹாஸ்', 'ஹாவ்' வரும் இடங்களில் நடுவிலும் நிற்கும்: 'மை வியூஸ் ஹாவ் றடிக்கலி சேஞ்ச்ட்.' பெயரடைக்கு முன்னால் வருவது இதற்கு மிகவும் பிடித்த இடம்: 'றடிக்கலி டிபரென்ற்', 'றடிக்கலி நியூ'. 'டிபரென்ற்' வந்தால் அடுத்து 'ஃபுறம்' போடுங்கள், எங்கேயும் செல்லும்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும் இது வரக்கூடாது. 'எ றடிக்கலி சேஞ்ச்' என்பது பிழை, 'எ றடிக்கல் சேஞ்ச்' என்பது சரி. 'சேஞ்ச்' வினையாகவும் வரும், பெயராகவும் வரும் என்பதால்தான் கை தடுமாறுகிறது. முன்னால் 'எ' அல்லது 'த' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பெயர், 'எல்-வை' வேண்டாம்.

மறுப்பு வசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'நொற் றடிக்கலி டிபரென்ற்' என்றால் வேறுபாடே இல்லை என்று பொருளல்ல. கொஞ்சம் வேறுபாடு உண்டு, ஆனால் அடிப்படை ஒன்றுதான் என்று பொருள். யாழ்ப்பாணத்துத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் 'நொற் றடிக்கலி டிபரென்ற்' என்று சொல்லலாம். மட்டக்களப்பார் சிலர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அது வேறு சண்டை.

'வெரி றடிக்கலி' என்று எழுதவேண்டாம். 'மோர் றடிக்கலி', 'சோ றடிக்கலி தற்' இரண்டும் நல்ல ஆங்கிலம்.

ஏழாவது: துணைவர்கள்

'றடிக்கலி' எந்த வினைகளோடு உறவாடும் என்று தெரிந்துவைத்தால் பாதிப் பிழை குறையும். சேஞ்ச், ஆல்ற்றர், ரிரான்ஸ்போர்ம், ரிஷேப், ரிதிங்க், ரிவைஸ், இம்புறூவ், சிம்பிளிபை. இவை எல்லாம் ஒரு முறையையோ எண்ணத்தையோ அமைப்பையோ மாற்றும் வினைகள். உறவாடாதவை: ஃபர்கெற், அக்றீ, ஃபினிஷ், டிஸ்ரோய், அண்டர்ஸ்ராண்ட். 'ஐ றடிக்கலி அக்றீ வித் யூ' என்று எழுதுவதைவிட 'ஐ அக்றீ' என்று விட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

எழுவாயாக வருபவற்றிலும் ஒரு போக்கு உண்டு. சட்டம், தொழில்நுட்பம், கொள்கை, யுத்தம், கண்டுபிடிப்பு என்பவை றடிக்கலி மாற்றும். வரலாறு படிப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு: சொத்தும் படிப்பும் உள்ள சிலரிடம் மட்டும் இருந்த வாக்குரிமை, பிரித்தானியர் காலத்து டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் ஆண் பெண் இருபாலாருக்கும் வந்தது. 'த டொனமூர் கொன்ஸ்ரிரியூஷன் றடிக்கலி சேஞ்ச்ட் பொலிற்றிக்ஸ் இன் சிலோன்.' இதைவிடப் பொருத்தமான இடம் இந்தச் சொல்லுக்குக் கிடைப்பது அரிது.

ஒரு எச்சரிக்கை: ஆளைக் குறிக்கும் 'றடிக்கல்'

'றடிக்கலி' நல்லது கெட்டது சொல்லாத சொல் என்றேன். அதன் தாய்ச்சொல்லான 'றடிக்கல்' ஓர் ஆளைக் குறிக்கும்போது அப்படி இல்லை. பிரித்தானியாவில் பாராளுமன்றச் சீர்திருத்தம் கேட்டவர்களை அந்தப் பெயரால் அழைத்த காலம் உண்டு. எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அதே 1931 இல், முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் அப்போது வெறுமையாகக் கிடந்தன. அவர்களை 'றடிக்கல்' என்று எழுதினால் மரியாதைக் குறைவில்லை.

இன்றைய செய்திகளில், அதிலும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, 'றடிக்கல்', 'றடிக்கலைஸ்' என்பவை தீவிரவாதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. விசா விண்ணப்பத்திலோ வேலைக்கான கடிதத்திலோ 'ஐ ஆம் எ றடிக்கல் திங்கர்' என்று உங்களைப் பற்றியே எழுதிவைக்காதீர்கள். புதுமையாகச் சிந்திப்பவர் என்று சொல்லத்தான் நினைத்திருப்பீர்கள். வாசிக்கும் அதிகாரி அப்படித்தான் எடுப்பார் என்று உறுதியில்லை. 'கிறியேற்றிவ்' என்ற சொல் கையில் இருக்கும்போது வீண் வில்லங்கம் எதற்கு?

வரைபடக் கேள்விக்கு ஒரு பயிற்சி

ஐ.ஈ.எல்.ரி.எஸ். முதற்பகுதியில் சிலவேளை இரண்டு வரைபடங்களைத் தந்து, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்வார்கள். சங்குப்பிட்டியை எடுத்துப் பழகுங்கள். 2011 இல் பாலம் திறக்கும்வரை பூநகரிப் பக்கத்திலிருந்து குடாநாட்டுக்குள் வருவதற்கு, படகுப்பாதையில் கடலேரியைக் கடக்கவேண்டும், இல்லையென்றால் பரந்தனுக்குப் போய் ஆனையிறவைச் சுற்றி வரவேண்டும். பாலம் வந்த பிறகு நேர் றோட்டு.

முதல் வசனத்தில் மொத்தப் படத்தையும் சொல்லுங்கள்: 'அக்செஸ் ரு த பெனின்சுலா ஃபுறம் த சவுத்வெஸ்ற் வாஸ் றடிக்கலி ஆல்ற்றர்ட் பை த கொன்ஸ்ரக்ஷன் ஒஃப் எ பிரிட்ஜ்.' நீரால் கடந்த இடத்தை நிலத்தால் கடப்பது அடிப்படை மாற்றம், சொல் பொருந்துகிறது. அடுத்து விவரங்களுக்குப் போனால் 'றடிக்கலி'யை மறந்துவிடுங்கள். பயண நேரம் 'சிக்னிபிக்கன்ற்லி' குறைந்தது. சுற்றிவரும் தேவை இப்போது இல்லை: 'நோ லோங்கர்'. கடலேரி அப்படியே இருக்கிறது: 'றிமெயின்ட் அன்சேஞ்ச்ட்.' மாறாததையும் எழுதினால்தான் மாறியது எடுபடும்.

அதே போலப் பலாலியையும் செய்து பாருங்கள். 2019 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஓடுபாதை முன்பே இருந்தது. அதன் பயன் மாறியது. 'றடிக்கலி'யை எந்தப் பெயருக்குப் பக்கத்தில் வைப்பீர்கள், ஓடுபாதைக்கா, பயனுக்கா?

கடைசியாகக் கொப்பிக்கு

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு விடையைப் பாருங்கள்.

கனடாவிலிருந்து வந்த பெரியம்மா, 'நீ அடியோட மாறிப்போனாய் பிள்ளை' என்கிறார். அவர் பார்ப்பது தோற்றத்தை; 'யூ லுக் கொம்பிளீற்லி டிபரென்ற்' போதும். மகளின் வாழ்க்கை நோக்கே மாறிவிட்டது என்று அம்மா சொன்னால் கதை வேறு, அப்போது 'றடிக்கலி' வரலாம்.

சந்தையில் வெங்காய விலை ஒரே கிழமையில் பாரிய வீழ்ச்சி. 'ஷார்ப்லி' அல்லது 'ட்ராஸ்ரிக்கலி'. தோட்டக்காரர் வயிறு எரிந்து சொல்கிறார் என்றால் பின்னையதே பொருத்தம்.

புதிய அதிபர் வந்தும் பாடசாலையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 'த ஸ்கூல் ஹாஸ் நொற் சேஞ்ச்ட் றடிக்கலி' என்றால், சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று ஒத்துக்கொள்கிறீர்கள். அதையும் ஒத்துக்கொள்ள மனமில்லை என்றால் 'நதிங் ஹாஸ் சேஞ்ச்ட்'.

வங்கிக்குப் போகாமல் கைபேசியிலேயே காசு அனுப்பலாம் என்றானபின், ஊரில் காசு கொடுக்கல் வாங்கல் நடக்கும் விதமே மாறிவிட்டது. 'மொபைல் பேமென்ற்ஸ் ஹாவ் றடிக்கலி சேஞ்ச்ட் த வே பீப்பிள் ஹாண்டில் மணி.' 'விதமே' என்ற அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். தமிழில் 'முறையே', 'விதமே', 'போக்கே' என்று ஏகாரம் போட்டு 'மாறிவிட்டது' என்று முடிக்கும் வசனங்கள் பெரும்பாலும் 'றடிக்கலி'யைத் தாங்கும். 'அடியோடு' என்ற சொல்லைத் தேடுவதைவிட இந்த ஏகாரத்தைத் தேடுவது நம்பகமான வழி.

கைதடியில் படிப்பிக்கும் சித்த மருத்துவமும் ஆங்கில மருத்துவமும் உடம்பைப் பார்க்கும் பார்வை வேறு. ஒன்று வாதம், பித்தம், கபம் என்று தொடங்குகிறது, மற்றது கலம், கிருமி, இரசாயனம் என்று தொடங்குகிறது. 'த ரூ சிஸ்ரம்ஸ் ஆர் பேஸ்ட் ஒன் றடிக்கலி டிபரென்ற் ஐடியாஸ் ஒஃப் த பொடி.' இதில் எதுவும் மாறவில்லை, எதுவும் அழியவில்லை, இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. இருந்தும் 'றடிக்கலி' வந்து கச்சிதமாக உட்காருகிறது, ஏனென்றால் வேறுபாடு தொடங்குவது வேரில்.